இரண்டு கட்டத்திலும் எழுபத்தொன்று

தரவுச் சரிபார்ப்புப் பிரிவில் இருக்கும் சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய திருத்தக் கேள்வி கிடைத்தது. பங்கேற்பாளர் எண் 47, ஒன்பதாவது சந்திப்பு. “போதைப்பொருள் எடுக்காத நாட்கள்” என்ற கட்டத்தில் 71 என்று இருக்கிறது, அடுத்த பக்கத்தில் “மருந்து எடுக்காத நாட்கள்” என்ற கட்டத்திலும் 71 என்றே இருக்கிறது, ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் எழுதிவிட்டீர்களா, சரியான எண்ணைத் தெரிவிக்கவும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். “பிழை இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டும் விட்டேன். ஆனால் அந்தத் தாளை மட்டும் உறையில் போட மனம் வரவில்லை. மேஜையிலேயே மூன்று நாள் கிடந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆய்வு என்ன கேட்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எச்.ஐ.வி. தொற்றும் போதைப் பழக்கமும் சேர்ந்து இருப்பவர்கள், மாதம் ஒருமுறை ஒரே செவிலியரிடம் உட்கார்ந்து பேசினால் மருந்தை விடாமல் எடுப்பார்களா, போதைப் பொடி குறையுமா, மனச்சோர்வு குறையுமா? இங்கே அந்த ஒரே செவிலியர் நான். முதல் மாடியில், வராண்டாவின் கடைசியில், கதவில் 14 என்ற எண்ணைத் தவிர வேறு எதுவும் எழுதாத அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எடை பார்க்கும் இயந்திரம், ஆய்வுக்கென்று ஒரு தொலைபேசி. எந்த ஆய்வு, எந்த நோய் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அந்த விதியை நான் பதினொரு வருடமாகக் கண்ணைப் போல் காத்திருக்கிறேன்.

நீங்கள் 47 என்று அறிந்தவரை நாங்கள் விசில் என்போம். மாடிப்படி ஏறும்போதே விசில் சத்தம் வந்துவிடும். மருந்தகத்தில் இருக்கும் அம்மா, “உங்க ஆளு வந்தாச்சு, பேனாவை எடுங்க” என்பார். வயது முப்பத்துநான்கு. லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பொடிப் பழக்கம் வந்த பிறகு லாரி அவரை விட்டுவிட்டது. அவர் பொடியை விடவில்லை. மாத்திரையை ஒரு மாதம் ஒழுங்காகப் போடுவார், இரண்டு மாதம் விடுவார். மனநிலைக் கேள்விகளில் ஒன்பதாவது கேள்வி உங்களுக்கே தெரியும்: செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் கடந்த இரண்டு வாரத்தில் வந்ததா? ஒவ்வொரு தடவையும், “சில நாள்” என்பார். அதையும் விசிலடிக்கிற வாயால்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் மனநல மருத்துவரை வரவழைப்பேன். “இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னா டாக்டரே நேர்ல வர்றாரு, பாருங்க மரியாதையை” என்பார்.

இரண்டாவது சந்திப்பிலேயே ஒரு சந்தேகம் கேட்டார்.

“வீட்ல யாருக்கும் தெரியாது சிஸ்டர். டப்பா மேல இருக்கிற பேரை யாராவது படிச்சுட்டா?”

நாம் எல்லோருக்கும் சொல்லித்தருவதைத்தான் நானும் சொன்னேன். லேபிளை வெந்நீரில் ஊற வைத்து உரித்துவிடுங்கள். உள்ளே கொஞ்சம் பஞ்சு வையுங்கள், குலுக்கினால் சத்தம் கேட்காது. வெளியே போகும்போது ஒரு வேளைக்கானதை மட்டும் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நானே ஒரு டப்பாவை உரித்துக் காட்டினேன். அவர் அதைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“சிஸ்டர், இந்தக் கைவேலை தெரிஞ்சா உங்களையும் எங்க கூட்டத்துல சேர்த்துப்பாங்க.”

நானும் சிரித்தேன். படிவத்தில் “அந்தரங்கம் காப்பது பற்றி அறிவுரை வழங்கப்பட்டது” என்ற இடத்தில் டிக் அடித்தேன்.

எட்டாவது சந்திப்பில் அவருடைய எதிர்ப்புச் சக்தி எண்ணிக்கை தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது; இருநூறுக்குக் கீழே போனாலே ஆபத்து. இரண்டு டப்பா கொடுத்தேன். ஒன்று எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து, இன்னொன்று நுரையீரலில் கிருமி வராமல் தடுப்பது. ஒரு நாள்கூட விடக்கூடாது என்றேன். அன்றைக்குத்தான் சொன்னார்:

“அக்கா வீட்டுக்குப் போறேன் சிஸ்டர். அவ பிடிச்சா உடும்புப் பிடி. என் வீட்டுக்கே வந்து பெட்டியைக் கட்டி வெச்சுட்டா.”

“அக்காவுக்கு இது தெரியுமா?”

“பொடி தெரியும். இது தெரியாது. அவ பொண்ணு என் தட்டுலதான் சாப்பிடும். தெரிஞ்சா தட்டைத் தனியா வெச்சுடுவாங்களோன்னு இருக்கு.”

தொடர்புக்கு அக்காவின் எண்ணைக் கொடுத்தார். “வீட்டுக்கு வந்து பார்க்கலாமா?” என்ற இடத்தில் “வேண்டாம்” என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் வரவில்லை. விதிப்படி ஏழு நாள் காத்திருந்தேன். பிறகு விதிப்படி மூன்று அழைப்பு. மூன்று வெவ்வேறு நாள், ஒன்று காலை, ஒன்று மதியம், ஒன்று மாலை. பேச வேண்டிய வாசகமும் நமக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லக்கூடாது, செவிலியர் என்று சொல்லக்கூடாது, மருந்து என்ற வார்த்தையே வரக்கூடாது.

முதல் நாள் ஒரு பெண்குரல் எடுத்தது. பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல்.

“யாரு?”

“தெரிஞ்சவங்க பேசறேங்க. அவர் இருக்காரா?”

“யாருக்குத் தெரிஞ்சவங்க?”

“அவருக்குத்தான். இந்த நம்பருக்குப் பேசச் சொல்றீங்களா?”

“என்ன விஷயம்?”

“அவரோட சொந்த விஷயங்க.”

மறுநாள் மதியம் மறுபடியும் அதே குரல். “நேத்து பேசினதும் நீதானே? பேரைச் சொல்லு.”

“பேர் வேண்டாங்க, நம்பரைச் சொன்னாலே அவருக்குத் தெரியும்.”

“பேரைக்கூட வெளியில சொல்ல முடியாத பொழப்பா உன்னோடது?”

மூன்றாம் நாள் மாலை நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசிவிட்டார். “இங்க பாரும்மா. என் தம்பி இப்பத்தான் மனுஷனா எழுந்து உக்காந்திருக்கான். உன் சரக்கை வேற எங்கயாவது கொண்டுபோய் வித்துக்கோ. இன்னொரு தடவை இந்த போன் அடிச்சுது, வாயால பேச மாட்டேன், செருப்பாலதான் பேசுவேன்.”

அதற்குப் பிறகு அந்த எண் நம் எண்ணை ஏற்கவில்லை. “மூன்று முயற்சிகள். தொடர்பு கிடைக்கவில்லை. பங்கேற்பாளர் வராமல் நின்றவர்” என்று எழுதி மூடினேன். உங்களிடம் மறைப்பதற்கில்லை, எழுதும்போது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்படி ஒரு காவல் அவருக்குக் கிடைத்திருக்கிறதே, பொடி விற்பவர்கள் அந்த வாசற்படியைக்கூட மிதிக்க முடியாதே என்று நினைத்தேன். மாத்திரையை வேறு எங்காவது வாங்கிக்கொண்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒரு மாதம் கழித்து மார்பு நோய் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். “உங்க விசில் இங்க இருக்காரு. நிலைமை சரியில்ல.”

நான் போனபோது அவருடைய அக்கா வெந்நீர் பிடித்து வரக் கீழே போயிருந்தார். கட்டிலருகே ஸ்டூலில் அவருடைய கைப்பை இருந்தது. விசில் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது.

“படிவத்தைக் கொண்டாந்தீங்களா?” என்றார்.

வேண்டாம், ஓய்வெடுங்கள் என்றேன்.

“கேளுங்க சிஸ்டர். இந்தத் தடவை நான் பாஸ்.”

கேட்டேன். மனநிலைக் கேள்விகளில் எல்லாவற்றுக்கும் “இல்ல” என்றார். தூக்கம் வருகிறதா, வருகிறது. தன்னைப் பற்றிக் கேவலமாக நினைக்கிறீர்களா, இல்லை. ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் நான் தயங்கினேன். அவரே எடுத்துக்கொடுத்தார்.

“செத்துப்போனா தேவலைன்னா? இல்லவே இல்ல சிஸ்டர். இப்பப் போய்க் கேக்கறீங்களே.”

அடுத்தது பொடி. கடைசியாக எடுத்து எத்தனை நாள்?

“எழுபத்தொண்ணு. பரிசு ஏதாவது உண்டா?”

“எப்படி இவ்வளவு சரியா சொல்றீங்க?”

“அக்கா சீருடை தைக்கிற இடத்துல வேலை பாக்கிறா. நான் பொடி தொடாத ஒவ்வொரு நாளுக்கும் சாயங்காலம் ஒரு பட்டனை நூல்ல கோப்பா. இன்னிக்குச் சாயங்காலம் கோத்தா எழுபத்தொண்ணு.”

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கடைசியாக மாத்திரை எடுத்து எத்தனை நாள்?

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அதுவும் அதேதான்.”

பதில் எதுவானாலும் முகத்தில் காட்டக்கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். நான் காட்டினேன்.

வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். போன அன்றைக்கே அக்கா அவருடைய பையைத் தலைகீழாகக் கொட்டியிருக்கிறார். ஒரு பொட்டலம் பொடி இருந்தது. பேர் இல்லாத, பஞ்சு அடைத்த இரண்டு டப்பாவும் இருந்தன. மூன்றையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டார். அதன் பிறகு அவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டார். முதல் எட்டு நாள் அவருடைய நடுக்கத்தோடும் வாந்தியோடும் கூடவே இருந்து துடைத்திருக்கிறார். பிறகு வேலைக்குப் போகும்போதும் தன்னோடு கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார வைத்து நூல் வெட்டச் சொல்லியிருக்கிறார்.

“சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புது டப்பா கொடுத்திருப்பேனே!”

“தினமும் நாளைக்குச் சொல்லலாம்னு நினைப்பேன். சாயங்காலம் பட்டனைக் கோத்துட்டு என் மூஞ்சியைப் பாப்பா. அந்தச் சிரிப்பைப் பாத்தா வாய் வராது சிஸ்டர். நாளைக்கு நாளைக்குன்னே எழுபது நாள் ஓடிப்போச்சு.”

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் போனாலும் சொல்லாதீங்க. தம்பியை மீட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா.”

சொல்ல மாட்டேன் என்றேன். வேறு வாசல் வழியாக வெளியே வந்து, சுவரோரம் நின்று இரண்டு கட்டத்தையும் நிரப்பினேன். மாத்திரையை மறுநாள் தொடங்குவதாக வார்டு மருத்துவர் சொன்னார். மறுநாள் காலை எட்டு மணிக்கு விசில் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு முற்பகலில், அறையில் நான் பழைய படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் இருந்த ஆய்வுத் தொலைபேசி அடித்தது. எடுக்கப் போனேன். வாசலில் ஒரு பெண்மணி தன் போனைக் காதில் வைத்தபடி நின்று, அடிக்கும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் விசிலின் சந்திப்பு அட்டை; அதில் அறை எண்ணும் இந்தத் தொலைபேசி எண்ணும் மட்டும்தான் இருக்கும்.

“நீதானா அந்தப் பொம்பள?” என்றார். பிறகு என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டார். “நீங்கதானா சிஸ்டர், மூணு நாள் போன் பண்ணினது?”

ஆமாம் என்றேன். உட்காரச் சொன்னேன். விரல் நுனிகளில் ஊசி குத்திய காய்ப்பு. கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. நான் மடிக்கச் சொல்லித்தந்த அதே மடிப்பு.

“அவன் பழைய கால்சட்டையில இருந்துது. அன்னிக்கு நான் கொட்டினப்ப இது மட்டும் தப்பிச்சிருக்கு. எனக்கு வேற எதுவும் தெரிய வேண்டாம். இது போதை மாத்திரையா, இல்லையா?”

தாளை என் முன்னால் நகர்த்தி வைத்தார்.

“பொடி என்னோடதுதான்க்கா, ஆனா மாத்திரை அது இல்ல, உன் மேல சத்தியமான்னான். அப்ப என்னடான்னு கேட்டேன். ஊமையாட்டம் நின்னான். பளார்னு அறைஞ்சுட்டேன். போதை மாத்திரைன்னா என் தம்பி என் தலைமேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கான். இல்லைன்னா…”

சகோதரி, இந்த இடத்தை நான் பலமுறை எழுதி அடித்துவிட்டேன். இறந்தவரின் நோயையும் வெளியில் சொல்லக்கூடாது என்பது விதி. அவருக்கு நான் கொடுத்த வாக்கு வேறு இருந்தது. போதை மாத்திரை என்று சொன்னால் அவர் பொய்யராகிவிடுவார். மருந்து என்று சொன்னால் எதிரில் இருப்பவர் அதோடு முடிந்துவிடுவார். பதினொரு வருடத்தில் ஒரு தப்பான எண்ணைக்கூடப் படிவத்தில் எழுதாதவள் நான். இரண்டு பேரையும் காப்பாற்றுகிற ஒரு பொய்யைத் தேடிப் பிடித்தேன்.

“அவர் பொய் சொல்லலக்கா. அது போதை மாத்திரை இல்ல. தூக்கம் வராம கஷ்டப்பட்டாருன்னு டாக்டர் கொடுத்தது. அதை நிறுத்தினதால ஒண்ணும் ஆகல.”

“தூக்க மாத்திரையா?”

“ஆமாக்கா.”

“அப்ப நான் கொட்டினதால அவனுக்கு…”

“ஒண்ணும் இல்லக்கா. நுரையீரல்ல கிருமி. யாருக்கு வேணும்னாலும் வரும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். “கழுதை. தூக்க மாத்திரைன்னு சொல்லித் தொலைச்சிருந்தா அடி வாங்கியிருக்க மாட்டானே. தூக்க மாத்திரையைச் சொல்றதுக்கு என்ன வெட்கம் அவனுக்கு?”

மேஜைமேல் தண்ணீர்க் குவளை இருந்தது. அதைத் தன் பக்கம் இழுத்தார்.

“அவன் போனதுலேர்ந்து எனக்கும் கண்ணு மூட மாட்டேங்குது சிஸ்டர். வீட்டுக்குப் போறதுக்குள்ள கொஞ்சம் கிறக்கம் வந்தாக்கூடப் போதும். அவனோடதையே நான் போட்டுக்கறேன்.” மாத்திரையை எடுக்கக் கை நீட்டினார்.

என் கை முந்திக்கொண்டது. மாத்திரைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டேன். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் போடக்கூடாது என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் போதும், அவர் நம்பியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை, கைதான் வந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

“தூக்க மாத்திரைதானே சிஸ்டர்? ஒண்ணு போட்டா என்ன ஆயிடும்? கையை எடுங்க.”

நான் எடுக்கவில்லை. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் வராண்டாவின் மறுகோடி வரைக்கும் போய் நின்றது. குவளையைப் பழைய இடத்திலேயே தள்ளி வைத்தார். என்ன நோய் என்று அவர் கேட்கவே இல்லை.

“மூணு தடவை போன் பண்ணீங்களே. ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவனைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருப்பேனே.”

“சொல்லக் கூடாதுக்கா. எங்களுக்கு…”

“அவனுக்குத் தெரியுமா? எதால இப்படி ஆச்சுன்னு?”

தலையசைத்தேன்.

“தெரிஞ்சும் தினம் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பட்டனை எடுத்துக் கொடுத்தானே. இந்த நிறம் போடுக்கா, அந்த நிறம் போடுக்கான்னு.”

எனக்குத் தெரிந்த ஒரே நல்ல விஷயத்தைச் சொன்னேன். “கடைசி நாள் கேட்டேங்க்கா. மனசு நல்லா இருக்குன்னு சொன்னாரு. எட்டு மாசமா அப்படிச் சொன்னதே இல்ல. அது நிஜம்.”

“இதாவது நிஜமா சிஸ்டர்?” என்றார்.

எழுந்தார். கைப்பையைத் துழாவி ஒரு நூல்சரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். “நீங்கதானே கணக்கு எடுக்கிறவங்க. வெச்சுக்கோங்க. இதை வீட்ல வெச்சுப் பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது.” அந்த மூன்று அழைப்புகளில் என்னை வெளுத்து வாங்கிய குரலா என்று இருந்தது. படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

நான் விதியை மீறியதைத் தனியாக ஆய்வுத் தலைவிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வாயால் எதையும் வெளியிடவில்லை என்று எழுதினால் அது உண்மையாகத்தான் இருக்கும், ஆனாலும் அப்படி எழுதவில்லை. லேபிளை உரிக்கச் சொல்லும் பழக்கத்தை நிறுத்தும்படியும், அச்சடித்த வாசகத்தை மாற்றும்படியும் கேட்டிருக்கிறேன். அவர்கள் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். இப்போதும் புதிதாகச் சேருபவர்கள் அதே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விசில் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நேற்று கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சரத்தை எண்ணிப் பார்த்தேன். பள்ளிச் சட்டையின் வெள்ளைப் பட்டன்கள், காவலர் உடுப்பின் பித்தளைப் பட்டன்கள், நடுவில் சிவப்பில் ஒன்று. இரண்டு தடவை எண்ணினேன். எழுபத்தொன்று. இரண்டு கட்டத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள். எதையும் திருத்த வேண்டாம்.

சரத்தில் இன்னும் ஒரு முழம் நூல் மீதம் இருக்கிறது. அதன் முனையில் கோத்த ஊசியை அவர் கழற்றவே இல்லை.

இப்படிக்கு,
அறை எண் 14, ஆய்வுச் செவிலியர்